இரண்டு ஸ்டெப்னி

சாவியைக் கடைசியில்தான் தருவேன், யோரிஸ்.
முதலில் வெளியே வாருங்கள். வெயில்தான்,
பழகிக்கொள்ளுங்கள்.
கைபேசியை எடுங்கள், பாட்டுக்கு அல்ல,
வண்டியைச் சுற்றிப் படம் பிடிக்க:
இடது கதவில் ஒரு கீறல்,
பின் பம்பரில் பழைய நசுங்கல்,
முன் கண்ணாடியில் கடுகளவு பொத்தல்.
இன்று நீங்கள் பார்க்காத கீறல்
பன்னிரண்டு நாள் கழித்து உங்களுடையது.

காப்பீடு முழுக்க உண்டு.
முழுக்க என்றால்
டயர் நீங்கலாக, கண்ணாடி நீங்கலாக,
வண்டியின் அடிவயிறு நீங்கலாக,
மணற்காற்று உரித்த பெயின்ட் நீங்கலாக,
தண்ணீர் நீங்கலாக.
"இந்த நாட்டில் வேறென்ன இருக்கிறது?"
உங்கள் மனைவி ஃபெம்கே கேட்கிறார்.
நல்ல கேள்வி.
கையெழுத்து இங்கே.

என் சட்டையில் குத்தியிருப்பது என் பெயர், ந்தினெலாகோ.
ஓஷிவாம்போவில்
அதிர்ஷ்டம் எனக்கு உண்டு என்று அர்த்தம்.
அதை வண்டியோடு சேர்த்து வாடகைக்கு விடுவதில்லை.

இடது பக்கம் ஓட்டுங்கள்.
விண்ட்ஹூக் நகருக்குள் மறக்காது,
முன்னால் நாலு வண்டி போகும்.
எங்கோ வெட்டவெளியில் பெட்ரோல் போட்டு,
ஆப்பிள் கேக் தின்று, மனம் குளிர்ந்து
காலிச் சாலையில் ஏறும்போதுதான்
கை தன் சொந்த ஊருக்குப் போய்விடும்.
திரும்பும் விளக்கென்று நினைத்து
வைப்பரைத் தட்டுவீர்கள்.
எட்டு மாதமாய் மழை காணாத வானத்தின் கீழே
வைப்பர் ஆட ஆட ஒரு வண்டி வளைந்தால்
எங்களுக்குத் தெரியும். ஒதுங்கிக்கொள்வோம்.

தார் முடிகிற இடத்தில் இறங்கி
டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள்.
விறைத்த டயரைக் கல் மன்னிக்காது.
எண்பதைத் தாண்டாதீர்கள்.
நூற்றிருபதில் அந்தச் சரளை வழவழப்பாகத் தோன்றும்.
அப்போது நீங்கள் சாலையில் இல்லை,
சாலைக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கிறீர்கள்.
சறுக்கினால் பிரேக்கை மறந்துவிடுங்கள்.
ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்து, நேராகப் பிடித்து,
வண்டிக்குப் புத்தி வரும்வரை காத்திருங்கள்.

வறண்ட ஆற்றை நம்பாதீர்கள்.
மழை வேறெங்கோ பெய்யும்,
தண்ணீர் இங்கே வரும்.
இருட்டுவதற்குள் எங்காவது சேர்ந்துவிடுங்கள்.
குடூ மான் வேலியைத் தாண்டும்,
உங்களைப்போல் மூன்று ஆள் கனம்,
விளக்கைக் கண்டால் ஓடாது, யோசிக்கும்.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் இல்லாதது.
எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரலை உயர்த்துவார். நீங்களும் உயர்த்துங்கள்.
ஓரமாக யாராவது நின்றால்
நிறுத்திக் கேளுங்கள்.

                    *

மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார்கள்.
மூக்குநுனி உரிந்திருந்தது இருவருக்கும்.
டார்ச்சோடு மண்டியிட்டு அடியில் பார்த்தேன்:
காய்ந்த புல், ஒரு வெள்ளைப் பறவை இறகு,
சேதமில்லை.
கண்ணாடியில் கடுகு இரண்டாகியிருந்தது.
பின்னால் ஒரு ஸ்டெப்னிதான் இருந்தது.

செஸ்ஃபொன்டைன் போகும் வழியில், என்றார்,
ஈசாக் கரிசெப் என்றொருவர், இதே வண்டி, கிழட்டு வண்டி,
இரண்டு டயரும் போய்,
பின்னால் ஆறு ஆடுகள், காலையிலிருந்து.
"நீங்கள்தானே கேட்கச் சொன்னீர்கள்?"

கேட்கத்தான் சொன்னேன்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சேதம். திருட்டு. தொலைந்தது.
பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்திருந்தேன்.
தொலைந்தது என்பதில் குறியிட்டேன்.
நாலாயிரத்து இருநூறு டாலர், எங்கள் டாலர்.
பேரம் பேசாமல் அட்டையை நீட்டினார்.
ஃபெம்கே மட்டும், ஆடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தோம்,
அதற்கும் கட்டணமா என்றாள்.
சிரித்தாளா என்று சொல்ல முடியாது,
முகமெல்லாம் புழுதி.

அடுத்து நின்றவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
எதற்கு இரண்டு ஸ்டெப்னி என்றார்.
ஒன்று உங்களுக்கு, என்றேன்.
மற்றதன் விலை
பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.